இராணுவம் விட்டுச்சென்ற முகாம் பாரம்பரிய வட்டாரமாக நிலைப்பது எப்படி? வடசென்னைக்கு அதில் ஏதேனும் பாடம் உண்டா?

வினா: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், பழைய படைமுகாம்களைப் பாதுகாத்து மறுபடி பயன்படுத்துவது குறித்துக் கட்டுரை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் பிரெசிடியோ முகாம் 1776இல் ஸ்பானியர்களால் தொடங்கப்பட்டு, பின்னர் மெக்சிகோவிடமும் அமெரிக்காவிடமும் இருந்து, 1994இல் இராணுவம் வெளியேறிய பிறகும் இடிக்கப்படாமலும் மனைகளாக விற்கப்படாமலும் இன்றுவரை மக்கள் குடியிருக்கும் வட்டாரமாக இருக்கிறது என்று படித்தேன். எப்படி முடிந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, நூற்றுக்கணக்கான பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, அருங்காட்சியகம் தவிர வேறு எதற்கு அவற்றை விடுகிறார்கள் என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் பட்டாளம், பெரம்பூர் பேரக்ஸ் (படைவீரர் தங்குமிடம்) சாலை, கிளைவ் பேட்டரி (பீரங்கி மேடை), வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்று பேருந்து நிறுத்தங்களின் பெயர்களில்தான் படை மிஞ்சியிருக்கிறதே தவிர, கண்ணால் காணக் கட்டடமாக நிற்பவை வெகு குறைவு. பழைய ஜெயில் சாலையில் நகர மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. சற்றுத் தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “பாரம்பரியம் என்று ஒரு பலகை வைத்துவிட்டால் அப்புறம் நம் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள்” என்று எங்கள் வட்டத்திலேயே சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கும் பதில் வேண்டும்.

மறுமொழி: தங்கசாலைத் திட்டமிடுநர்

நகரத் திட்டமிடல் படித்தவன் என்ற முறையில் பிரெசிடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பலரும் 1994இலிருந்து கதையைத் தொடங்குவார்கள். உண்மையில் அது 1972இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியை உருவாக்கிய சட்டத்தில், இராணுவத்துக்கு இந்த முகாம் எப்போது தேவையில்லாமல் போகிறதோ அப்போது நிலம் தேசியப் பூங்காத் துறைக்குச் சேரவேண்டும் என்ற விதியை நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிலிப் பர்ட்டன் சேர்த்துவிட்டார். அன்று இராணுவம் வெளியேறும் பேச்சே இல்லை. தேவையற்ற தளங்களை மூடுவதற்கான பட்டியலில் 1988இல் பிரெசிடியோவின் பெயர் வந்தபோது, நிலத்தை யார் கேட்பது என்ற போட்டிக்கே இடமில்லாமல் இருந்ததற்கு அந்த ஒரு விதிதான் காரணம். அது தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியை 1962இலேயே பெற்றிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் கவர்னர்ஸ் தீவைப் பாருங்கள். 1996இல் கடலோரக் காவல்படை அங்கிருந்து சென்றது. நிலத்தை என்ன செய்வது என்ற முடிவு முன்கூட்டியே எடுக்கப்படாததால், 172 ஏக்கர் தீவு ஏழு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2003இல்தான், 22 ஏக்கரைத் தேசிய நினைவிடமாக நிறுத்திக்கொண்டு, எஞ்சியதை ஒரு டாலர் விலைக்கு நியூயார்க்குக்கு விற்றார்கள். ஆள் இல்லாத வீட்டின் கூரை என்ன கதியாகும் என்பதை நம் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வி. பிரெசிடியோவின் நிலம் முழுவதும் இன்றும் மத்திய அரசுக்கே சொந்தம். ஒரு சதுர அடிகூட விற்கப்படவில்லை. கடற்கரையை ஒட்டிய பகுதியைப் பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது. கட்டடங்கள் மிகுந்த உட்பகுதியை, அதாவது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, 1996இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட பிரெசிடியோ டிரஸ்ட் நிர்வகிக்கிறது. அந்தச் சட்டம் டிரஸ்டுக்குக் கொடுத்த அதிகாரத்தோடு ஒரு கெடுவையும் வைத்தது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் மானியத்தை வைத்துச் சமாளித்து, 2013க்குள் சொந்த வருமானத்தில் நிற்கவேண்டும், தவறினால் நிலம் அரசின் உபரிச் சொத்தாகி விற்பனைக்குப் போகும் என்பதே அந்தக் கெடு. டிரஸ்ட் அதற்குள் சொந்தக் காலில் நின்றுவிட்டது.

அந்த வருமானத்தின் முதுகெலும்பு வாடகை. இராணுவக் குடும்பங்கள் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சந்தை விலைக்கே வாடகைக்கு விடுகிறார்கள். மணமாகாத அதிகாரிகள் தங்கிய பெர்ஷிங் ஹால் 2012இல் விடுதியாயிற்று. 1890களில் கட்டிய செங்கல் பேரக்ஸ் ஒன்றில் வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் 2009இல் வந்தது. பழைய லெட்டர்மேன் மருத்துவமனை வார்டுகளில் தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் இயங்குகின்றன. 1960களில் அந்த மருத்துவமனைக்காக எழுப்பிய உயரமான கான்கிரீட் கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்கு வளாகம் கட்ட இடம் கொடுத்தார்கள். 2005இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தின் நிலக்குத்தகை டிரஸ்டுக்குப் பெரிய கைகொடுத்தது. ஆக, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். எது வட்டாரத்தின் குணத்தைத் தருகிறது, எது தரவில்லை என்று ஆவணப்படுத்திப் பிரித்தார்கள். கேப் ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய டொனால்ட் ஃபிஷர், முகாமின் மைய மைதானத்தை ஒட்டித் தம் ஓவியத் தொகுப்புக்கு நவீன அருங்காட்சியகம் கட்டித் தருவதாக முன்வந்தபோது, அந்தக் கட்டடம் மைதானத்தின் தோற்றத்தைக் குலைக்கும் என்ற எதிர்ப்பு வலுத்து, 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கொடையாளரைத் திருப்பி அனுப்பும் துணிவு இருந்தால்தான் பாரம்பரிய வட்டாரம் என்ற பெயருக்குப் பொருள் உண்டு என்பது என் கருத்து.

மறந்துவிடக்கூடாத இன்னொன்று மண். படைமுகாம் என்றால் எண்ணெய்த் தொட்டி, குப்பைமேடு, ஈய பெயின்ட், கல்நார் எல்லாம் இருக்கும். 1999இல் இராணுவம் ஏறத்தாழ 10 கோடி டாலர் கொடுக்க, துப்புரவுப் பொறுப்பை டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. கிரிஸி ஃபீல்ட் என்ற பழைய விமானத் திடலில் தார்த்தளத்தையும் கெட்ட மண்ணையும் அகற்றி, கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தை 2001இல் மீட்டார்கள். கட்டடத்தை மட்டும் பார்த்துச் செலவுக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள்.

மறுமொழி: தண்டையார்பேட்டை குடியிருப்போர்

மேலே எழுதிய நண்பர் பிரெசிடியோவின் நிதி வெற்றியைச் சொன்னார். அதன் மறுபக்கத்தையும் கட்டுரையில் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தை விலைக்கு வாடகை என்றால் அங்கே யார் குடியிருக்க முடியும்? சிங்கப்பூர் சென்றுவந்த நம்மவர்கள் டெம்ப்ஸி ஹில்லைப் பார்த்திருப்பார்கள். முன்பு டாங்ளின் பேரக்ஸ் என்ற பெயரில் படைவீரர்கள் தங்கிய ஓட்டுக்கூரைக் கட்டடங்கள் இன்று உணவகங்களாகவும் விலையுயர்ந்த பொருள்களின் கடைகளாகவும் இருக்கின்றன. கட்டடம் பிழைத்தது என்பது சரிதான், சாப்பிட்டுவிட்டு வரும் பில்லைப் பார்த்தால் நமக்குத்தான் மூச்சு நிற்கும். அதே ஊரில் 1936இல் கட்டிய கில்மன் பேரக்ஸை 2012இல் கலைக்கூடங்களின் தொகுதியாகத் திறந்தார்கள். மூன்று ஆண்டுகளிலேயே சில கலைக்கூடங்கள் லீஸைப் புதுப்பிக்காமல் வெளியேறிவிட்டன. ஒரே வகைப் பயன்பாட்டை நம்பி ஒரு முகாம் முழுவதையும் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. மின்னசோட்டா மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்னெலிங்கின் மேல்முகாம் கட்டடங்கள் பல காலம் பாழடைந்து கிடந்தன; 2022இல் அவை 192 வீடுகள் கொண்ட குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாறின, முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்து வருமானம் தரும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால் செலவில் 20 விழுக்காட்டை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அமெரிக்காவில் இருப்பதால்தான் இத்தகைய திட்டங்களின் கணக்கு ஒத்துவருகிறது. இங்கே யாராவது பாரம்பரிய வட்டாரம் பற்றி மனுக் கொடுத்தால், வாடகை யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வியை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வடசென்னைக்கு உணவகங்கள் தேவைதான். ஆனால் அரசுப் பள்ளிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் நல்ல கட்டடம் அதைவிட அவசரத் தேவை.

மறுமொழி: இராயபுரம் கட்டடப் பொறியாளர்

நிலத்தையும் வாடகையையும் பற்றி அன்பர்கள் எழுதிவிட்டார்கள். நான் சுவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நல்ல நோக்கத்தோடு தொடங்கும் மறுபயன்பாடு பெரும்பாலும் சிமென்ட் மூட்டையில்தான் கெட்டுப்போகிறது.

சென்னையின் பழைய இராணுவக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்திருக்கும். அதில் தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். இந்தச் சுவரும் தளமும் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். துறைமுகத்தை ஒட்டிய காற்றில் உப்பு வேறு இருக்கிறது. இப்படிப்பட்ட சுவரின் மேல் சிமென்ட் பூச்சை ஒட்டினால், உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, உப்பு அங்கேயே பூத்து, செங்கல்லின் முகத்தைத் தூளாக்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் பொத்தென்று ஒலிக்கும். அந்த இடத்தைச் செதுக்கி எடுத்தால் உள்ளே செங்கல் மாவாகக் கொட்டும். அப்போது “பழைய சுவர், தாங்காது, இடித்துவிடலாம்” என்று ஓர் அறிக்கை எழுதப்படும். சுவரைக் கெடுத்தது பழமையல்ல, முந்தைய பராமரிப்பு என்று அந்த அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை.

பயன்பாட்டுக்கு வருவோம். பேரக்ஸ் என்பது நீண்ட கூடமும் இருபுறத் தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் கொண்டது. அதை வகுப்பறையாகவோ நூலகமாகவோ பணிமனையாகவோ மாற்றுவது எளிது. சின்னச் சின்ன வீடுகளாகத் தடுப்பது கடினம். ஒவ்வொரு தடுப்புக்கும் கழிவறைக் குழாய் தேவைப்படும், அந்தக் குழாய் மரத் தளத்தைத் துளைக்க வேண்டியிருக்கும். ஆகவே கட்டடம் எதற்கு ஏற்றது என்று முதலில் பார்த்துவிட்டுப் பயன்பாட்டைத் தேடுவதுதான் முறை. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் சாத்தம் கப்பற்படைத் தளம். 1984இல் அது மூடப்பட்டபோது, வரலாற்றுச் சிறப்புள்ள 80 ஏக்கரைத் தனி டிரஸ்டிடம் தொடக்க மூலதனத்தோடு ஒப்படைத்தார்கள், எஞ்சிய பெரும்பகுதியை வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் விட்டார்கள். அந்த 80 ஏக்கருக்குள் ஏறத்தாழ கால் மைல் நீளமுள்ள கயிறு திரிக்கும் கூடம் இருக்கிறது. அதற்குள் இன்றும் கயிறுதான் திரிக்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். அவ்வளவு நீளமான கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுமொழி: பிராட்வே வழக்குரைஞர்

சட்டப் பக்கத்தை நான் நிரப்புகிறேன். முதலில் ஆணி பற்றிய அச்சம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதியோடு கட்டலாம். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அனுமதி பெற வழி இருக்கிறது. அனுமதி கிடைக்கும் வேகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் பாரம்பரிய வட்டாரம் என்ற கருத்து இந்த வட்டக்கோட்டு முறையிலிருந்து வேறானது என்பதை உங்கள் கட்டுரையில் தெளிவாக்குங்கள். வட்டக்கோடு ஒரு சின்னத்தைச் சுற்றி எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்திவைக்கிறது. வட்டார முறையில் தெரு, மைதானம், மரவரிசை, சாதாரணக் குடியிருப்பு எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு மதிப்பளித்து, எங்கே மாற்றலாம், எங்கே கூடாது என்று கட்டடம் கட்டடமாக எழுதிவைப்பார்கள். தமிழகத்தில் 2012இல் மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. வட்டார முறையை வளர்க்க வேண்டிய இடம் அதுதான்.

இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி தில்லி செங்கோட்டை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளேயிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் பேரக்ஸ்களை எழுப்பினார்கள். அதன்பின் இந்திய இராணுவமும் அங்கேயே இருந்து, 2003 டிசம்பரில்தான் கோட்டையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது. 2007இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. முகலாயர் அழகைக் கெடுத்த அந்தப் பேரக்ஸ்களை இடிக்கச் சொன்னவர்கள் உண்டு. இடிக்காமல் 2019இல் அவற்றிலேயே அருங்காட்சியகங்களைத் திறந்தார்கள். ஆக்கிரமித்தவன் கட்டியதும் வரலாறுதான் என்று ஏற்றுக்கொண்ட அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

புனித ஜார்ஜ் கோட்டையோ இன்னும் முன்னாள் முகாம் ஆகவில்லை. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இருக்கின்றன, இராணுவம் இருக்கிறது, 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தில் வழிபாடு நடக்கிறது, 1795இல் கட்டி முடிக்கப்பட்ட பரிவர்த்தனைக் கட்டடத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் 1948 முதல் இருக்கிறது. 2010இல் சட்டமன்றமும் செயலகமும் ஓமந்தூரார் வளாகத்துக்குச் சென்று, 2011இல் திரும்பின. அந்தப் புதிய கட்டடம் பின்னர் மருத்துவமனையாயிற்று. இந்த ஓராண்டுக் காலம்தான் நமக்குக் கிடைத்த ஒத்திகை. முதன்மைக் குடியிருப்பாளர் வெளியேறினால் கோட்டையின் அறைகள் யார் கைக்குப் போகும் என்று 1972இல் பர்ட்டன் எழுதிவைத்ததைப் போன்ற ஒரு விதி நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கன்டோன்மென்ட்களில் (இராணுவக் குடியிருப்பு நகரங்களில்) குடிமக்கள் பகுதியைப் பிரிக்கும் பணி 2023 ஏப்ரலில் இமாசலத்தின் யோலில் தொடங்கியிருக்கிறது. பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட்டும் அந்த வரிசையில் உள்ள 62இல் ஒன்று. குடிமக்கள் வாழும் பகுதி உள்ளாட்சிக்குப் போகும்போது பழைய பங்களாக்களின் நிலை என்ன என்பதை இப்போதே கேட்கவேண்டும்.

மறுமொழி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி ஐயா. முன்கூட்டியே முடிவெடுத்துவைப்பது என்ற கருத்தையே கட்டுரையின் மையமாக வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய ஜெயில் சாலை மதில் ஒரு முகாம் அல்ல, ஒரு துண்டுச் சுவர். வட்டாரம் என்ற கருத்து அதற்கு எந்த வகையிலாவது பொருந்துமா?

மறுமொழி: பிராட்வே வழக்குரைஞர்

பொருந்தும், ஏனெனில் அந்த மதில் தனியாக நின்றதில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு, கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை (இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை) அப்புறப்படுத்தி வெட்டவெளியாக்கினார்கள். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெளியில்தான். அங்கே வீடு கட்டக்கூடாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. ஹைதர் அலியின் குதிரைப்படை 1767இலும் 1769இலும் ஊரின் விளிம்புவரை வந்த பிறகு, இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று அழைக்கும் புதிய நகரத்தைச் சுற்றி இந்த மதில் எழுந்தது. அதற்கான செலவைக் குடிமக்களிடமே வரியாக வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆக கோட்டை, வெட்டவெளி, எல்லைத் தூண், மதில், வடகிழக்கு முனையின் கிளைவ் பேட்டரி எல்லாம் ஒரே பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்புகள். அவற்றைத் தனித்தனிச் சின்னங்களாகப் பார்க்காமல் ஒரு நடைவழியாக இணைத்து அறிவிக்கக் கோருவது நியாயமான கோரிக்கை.

மதில் ஏன் இடிபடாமல் தப்பியது என்பதையும் யோசியுங்கள். வேறு இடங்களில் அது தடையாகத் தெரிந்தது, இடித்துவிட்டார்கள். இங்கே அருகில் சிறை இருந்தது. சிறை போன இடத்தில் பாரதி மகளிர் கல்லூரி வந்தது. மதிலின் தலையில் மாநகராட்சி பூங்கா அமைத்தது, மாடிப் பூங்கா என்றே அதற்குப் பெயர் வந்தது. ஏதோ ஒரு பயன் தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

மறுமொழி: இராயபுரம் கட்டடப் பொறியாளர்

மனு எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரி மாணவியர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, உரிய அனுமதியோடு அந்த மதிலை அளவெடுத்து வரைபடம் தயாரியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன் ஈரக் கறை தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, எங்கே செடி வேர்விட்டிருக்கிறது, எங்கே சிமென்ட் ஒட்டுப்போட்டிருக்கிறது என்பதைப் படத்தோடு குறியுங்கள். அதே இடங்களை மே மாதத்தில் மீண்டும் படமெடுத்து அருகருகே வையுங்கள். அரச மரக் கன்றைக் கண்டால் ஆர்வத்தில் பிடுங்கிவிடாதீர்கள், வேரோடு பாதிச் செங்கல்லும் வந்துவிடும். தரைக்குமேல் உள்ள தண்டை வெட்டி, வேருக்கு மருந்து வைப்பதைத் தொல்லியல் துறையினரே செய்யட்டும் என்று மனுவில் இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.